பாரிஸும் பெர்லினும்: பணம் யாருடையது, படை யாருடையது?

2025 மே 6 அன்று பிரீட்ரிக் மெர்ஸ் ஜெர்மனியின் சான்சலர் (பிரதமருக்கு இணையான பதவி) ஆனார். எளிதாக ஆகவில்லை. நாடாளுமன்றத்தில் முதல் சுற்று வாக்கெடுப்பில் தேவையான வாக்கு கிடைக்காமல், இரண்டாவது சுற்றில்தான் தேறினார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வேறு எந்தச் சான்சலருக்கும் தொடக்கத்திலேயே இப்படி ஒரு அடி விழுந்ததில்லை. மறுநாள் காலை அவர் பாரிஸில், பிரான்ஸ் அதிபர் இம்மானுவேல் மக்ரோன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். புதிதாகப் பதவிக்கு வரும் ஜெர்மன் சான்சலர் முதலில் பாரிஸுக்குப் போவது நீண்டகால வழக்கம். அன்று பிற்பகலே அவர் போலந்துத் தலைநகர் வார்சாவுக்கும் போய்விட்டார் என்பதை மட்டும் இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பா பற்றிய செய்திகளைப் படிக்கும்போது "பிரான்சும் ஜெர்மனியும் ஒத்துக்கொண்டன", "பிரான்சும் ஜெர்மனியும் முரண்படுகின்றன" என்று அடிக்கடி கண்ணில் படும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கும்போது இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகும், டொனால்ட் டிரம்ப் மறுபடி வெள்ளை மாளிகைக்கு வந்த பிறகும் இந்தக் கூட்டுக்கு என்ன ஆகிறது? அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பகையிலிருந்து ஒப்பந்தம் வரை

எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் இந்த இரண்டு நாடுகளும் மூன்று பெரிய போர்களில் மோதின: 1870, 1914, 1939. முதல் போரில் தோற்ற பிரான்சை அவமானப்படுத்துவதுபோல, 1871 ஜனவரியில் ஜெர்மன் பேரரசை வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திலேயே பிரகடனம் செய்தார்கள். 1919-இல் தோற்ற ஜெர்மனியை அதே மண்டபத்துக்கு வரவழைத்துச் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது பிரான்ஸ். எல்லையில் இருக்கும் அல்சாஸ் பகுதி இந்தக் கைமாற்றங்களை நேராக அனுபவித்தது. 1870-க்கு முன் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பிறந்து 75 வயதைத் தாண்டி வாழ்ந்த ஒருவர், வீட்டை விட்டு நகராமலேயே நான்கு முறை ஆட்சி மாறியதைப் பார்த்திருப்பார்.

1945-க்குப் பிறகு பிரான்சின் கவலை ஒன்றுதான். ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரியும் எஃகும் இருக்கின்றன. அவை இருக்கும்வரை ஜெர்மனி மறுபடி ஆயுதம் செய்யும். ஜெர்மனியை என்றைக்கும் நசுக்கியே வைத்திருக்க முடியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு அப்படிச் செய்து பார்த்ததன் விளைவு கண்ணெதிரே இருந்தது. அப்படியானால் என்ன வழி? திட்ட ஆணையத் தலைவராக இருந்த ஜான் மொனே ஒரு யோசனை சொன்னார்: இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தியையும் ஒரே பொது அமைப்பின் கீழ் கொண்டுவந்துவிடலாம். அதை 1950 மே 9 அன்று உலகுக்கு அறிவித்தவர் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான். லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் குடிமகனாக வளர்ந்து, ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்து, பிறகு பிரெஞ்சு அமைச்சரானவர் அவர். எல்லைக்கோடு ஒரு மனிதரின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். அந்த யோசனையில் 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வேர் அதுதான்.

இதை இரு மக்களும் மனம் மாறிக் கட்டித் தழுவிய கதையாகச் சொல்வதுண்டு. மன்னிப்புக்கு அதில் இடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருந்தது கணக்கு. பிரான்சுக்கு ஜெர்மனியைக் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும். ஜெர்மனிக்கு மறுபடி மதிப்புள்ள நாடாக உலகத்தின் முன் நிற்க வேண்டும். இரண்டு பேரின் தேவையும் ஒரே ஏற்பாட்டில் நிறைவேறியது. அதனால்தான் அது நிலைத்தது என்று நான் நினைக்கிறேன்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கணக்கு நேராகவில்லை. ஐரோப்பாவுக்கென்று ஒரு பொது ராணுவம் அமைக்கும் திட்டம் 1950-களின் தொடக்கத்திலேயே வந்தது. முன்மொழிந்தது பிரான்ஸ். 1954 ஆகஸ்ட் 30 அன்று அதை வீழ்த்தியதும் பிரான்சின் நாடாளுமன்றம்தான். மறு ஆண்டு மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது. பொருளாதாரம் ஐரோப்பாவின் கையில், பாதுகாப்பு அமெரிக்காவின் கையில் என்ற பிரிவினை அங்கே தொடங்கியது.

1963-இல் விட்டுப்போன கேள்வி

1963 ஜனவரி 22 அன்று பாரிஸில் எலிசே மாளிகையில் அதிபர் சார்ல் டி கோலும் சான்சலர் கொன்ராட் அடினாவரும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எலிசே ஒப்பந்தம் என்று பெயர். இரு நாட்டுத் தலைவர்களும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது சந்திக்க வேண்டும், வெளியுறவு அமைச்சர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சந்திக்க வேண்டும், வெளியுறவில் முக்கியமான முடிவு எடுக்கும் முன் ஒருவரை ஒருவர் கலந்து பேச வேண்டும். இவ்வளவுதான் அதன் சாரம். படித்தால் சப்பென்று இருக்கும். ஆனால் கோபத்தில் இருக்கும்போதும் சந்தித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதில்தான் பிறந்தது.

அதே ஆண்டில் தொடங்கப்பட்ட இளைஞர் அலுவலகம் இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களை எல்லை தாண்டி அனுப்பியிருக்கிறது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் இணை நகரங்களாகக் கைகோத்திருக்கின்றன. இரு நாட்டு வெளியுறவு அமைச்சகங்களும் தங்கள் அதிகாரிகளை மாற்றி அமர்த்திக்கொள்கின்றன; ஒரு ஜெர்மன் அதிகாரி பாரிஸ் அலுவலகத்தில் பிரெஞ்சுக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்ட்ராஸ்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்ட்டே தொலைக்காட்சி இரு நாட்டுக்கும் பொது. தலைவர்களின் கைகுலுக்கலைவிட இந்த அடித்தளத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, விட்டுப்போன கேள்விக்கு வருவோம். டி கோல் இந்த ஒப்பந்தத்தை விரும்பியது, அமெரிக்காவைச் சாராத ஐரோப்பா ஒன்றை உருவாக்க. ஆனால் அது ஒப்புதலுக்கு ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குப் போனபோது, உறுப்பினர்கள் அதன் தலைப்பில் ஒரு முன்னுரையைச் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்காவுடன் நெருக்கம் தொடரும், நேட்டோவின் கூட்டுப் பாதுகாப்பு தொடரும், பிரிட்டனும் ஐரோப்பிய அமைப்பில் சேர வேண்டும் என்றது அந்த முன்னுரை. டி கோல் கொதித்துப்போனார். அவர் கட்டிய வீட்டின் வாசலிலேயே அவர் விரும்பாத பெயர்ப்பலகையை மாட்டியதுபோல ஆகிவிட்டது.

ஜெர்மன் உறுப்பினர்கள் செய்ததில் தவறில்லை. ஜெர்மனி பாதியாகப் பிளந்து கிடந்தது. பெர்லின் நகரின் நடுவில் சுவர் எழுந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. மறுபக்கம் சோவியத் படை நின்றது. அதைத் தடுக்கும் வலிமை அமெரிக்காவிடம் இருந்தது; பிரான்சிடம் இல்லை.

ஐரோப்பாவை யார் காப்பது? பிரான்ஸ் சொன்னது: நாமேதான். ஜெர்மனி சொன்னது: அமெரிக்கா. அறுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு இருவரும் சேர்ந்து ஒரு பதிலைச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை, ஏனென்றால் அமெரிக்கா அங்கேயே இருந்தது.

ஒத்துப்போகாதவர்களின் கூட்டு

பிரான்சும் ஜெர்மனியும் ஒரே மாதிரி நாடுகள், அதனால் சேர்ந்திருக்கின்றன என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்சில் அதிகாரம் அதிபரிடம் குவிந்திருக்கிறது. ஜெர்மனியில் சான்சலர் கூட்டணிக் கட்சிகளையும் மாநிலங்களையும் அரசியல் சாசன நீதிமன்றத்தையும் கேட்டுத்தான் அசைய முடியும். பிரான்ஸ் தேவைப்பட்டால் கடன் வாங்கிச் செலவு செய்யும். ஜெர்மனியோ 2009-இல் அரசியல் சாசனத்திலேயே கடனுக்குத் தடுப்புக்கட்டை போட்டுக்கொண்டது. பிரான்சின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடிவிட்டது. பிரான்ஸ் தன் விவசாயிகளைக் காக்க இறக்குமதிக்கு வேலி கேட்கும். ஏற்றுமதியால் வாழும் ஜெர்மனி வேலியைப் பிரிக்கச் சொல்லும்.

இந்த முரண்பாடுதான் கூட்டின் பலமே. ஐரோப்பாவில் எந்தப் பிரச்சினை வந்தாலும் பல நாடுகள் பிரான்ஸ் பக்கமும் பல நாடுகள் ஜெர்மனி பக்கமும் சாய்ந்திருக்கும். இரண்டு துருவங்களும் நடுவில் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டால், மற்றவர்களுக்கு அந்த இடம் பெரும்பாலும் ஏற்புடையதாக இருக்கும். எண்ணிக்கையும் உதவுகிறது. ஒன்றியத்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கும், பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும் இந்த இரண்டு நாடுகளுடையவை. பெரும்பாலான சட்டங்கள் நிறைவேற 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் ஆதரிக்க வேண்டும். ஆகவே இவர்கள் இருவரும் இன்னும் இரண்டு நாடுகளைச் சேர்த்துக்கொண்டால் எதையும் தடுத்துவிடலாம். இவர்களைத் தாண்டி ஒன்றை நிறைவேற்றுவது கடினம்.

இதற்கு நல்ல உதாரணம் 2020. கொரோனாவில் இத்தாலியும் ஸ்பெயினும் நிலைகுலைந்திருந்தன. ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து கடன் வாங்க வேண்டும் என்று பிரான்ஸ் கேட்டது. மற்றவர் கடனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது ஜெர்மனியின் பல ஆண்டுப் பிடிவாதம். அந்த மே 18 அன்று மக்ரோனும் சான்சலர் ஏஞ்சலா மெர்கலும் சேர்ந்து 50,000 கோடி யூரோ பொது நிதி ஒன்றை முன்மொழிந்தார்கள். ஜெர்மனியின் பிடிவாதம் அன்று உடைந்தது. சிக்கன நாடுகள் என்று பெயரெடுத்த நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் எதிர்த்தன. நான்கு இரவுகள் நீண்ட உச்சி மாநாட்டுக்குப் பிறகு ஜூலையில் 75,000 கோடி யூரோவாக அது நிறைவேறியது.

யூரோ நாணயமும் இப்படி வந்ததுதான். பொது நாணயத் திட்டம் 1989-இலேயே மேசையில் இருந்தது. பெர்லின் சுவர் விழுந்து ஜெர்மனி ஒன்றாகப்போகிறது என்றதும் அதிபர் பிரான்சுவா மித்தராண் பதறினார். எட்டுக் கோடி மக்களோடு ஐரோப்பாவின் நடுவில் நிற்கும் ஜெர்மனியை எப்படிப் பிணைத்து வைப்பது? சான்சலர் ஹெல்முட் கோஹ்ல் தன் மக்கள் உயிராக மதித்த மார்க் நாணயத்தைக் கைவிடச் சம்மதித்தார். 1992-இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றிணைப்பு மட்டுமே யூரோவுக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. அதன் வேகத்தைக் கூட்டியது ஒன்றிணைப்பு.

இத்தனை காலமும் சொல்லப்படாத பங்கீடு ஒன்று இருந்தது. ஜெர்மனியிடம் பணம். பிரான்சிடம் அணு ஆயுதம், ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தர இடம், வெளிநாடுகளுக்குப் படை அனுப்பும் துணிவு. பொருளாதாரத்தில் ஜெர்மனி பெரியவர், அரசியலில் பிரான்ஸ் பெரியவர். இரு பக்கத்துக்கும் மரியாதை மிஞ்சியது.

பங்கீடு புரண்டது எப்படி

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஜெர்மனியின் வளம் மூன்று தூண்களில் நின்றிருந்தது: ரஷ்யாவின் மலிவான எரிவாயு, சீனாவின் பெரிய சந்தை, அமெரிக்காவின் பாதுகாப்பு. போர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. அந்தத் தூண் சில மாதங்களில் சரிந்தது. படையெடுப்பு நடந்து மூன்றாவது நாளே சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி அறிவித்தார். சீனச் சந்தையில் ஜெர்மன் கார்களை உள்ளூர் மின்சாரக் கார்கள் ஓரங்கட்டத் தொடங்கின. அப்புறம் மூன்றாவது தூண்.

2025 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் பேசினார். ஐரோப்பாவுக்கு உண்மையான ஆபத்து ரஷ்யாவோ சீனாவோ அல்ல, உள்ளிருந்தே வருகிறது என்று ஐரோப்பியத் தலைவர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். அதே வாரத்தில் டிரம்ப் உக்ரைன் பற்றி ரஷ்ய அதிபர் புதினுடன் தொலைபேசியில் பேசியிருந்தார். ஐரோப்பா அந்தப் பேச்சில் இல்லை. பத்து நாள் கழித்து ஜெர்மனியில் தேர்தல் முடிவு வந்த இரவு, மெர்ஸ் சொன்ன செய்தி பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது: படிப்படியாக அமெரிக்காவைச் சாராமல் இருக்கும் நிலையை ஐரோப்பா அடைய வேண்டும். மெர்ஸ் வாழ்நாள் முழுவதும் அமெரிக்க நட்பை வலியுறுத்தி வந்தவர். அவர் கட்சி அடினாவரின் கட்சி. டி கோல் கேட்க விரும்பிய வாக்கியம் அறுபத்திரண்டு ஆண்டு கழித்து அங்கிருந்து வந்தது.

பேச்சோடு நிற்கவில்லை. அந்த மார்ச்சிலேயே ஜெர்மனி தன் அரசியல் சாசனத்தைத் திருத்தியது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்கு ஆகும் செலவு கடன் வரம்பில் சேராது. உள்கட்டமைப்புக்குத் தனியாக 50,000 கோடி யூரோ நிதி. 2029-க்குள் ஆண்டு ராணுவச் செலவைச் சுமார் 15,000 கோடி யூரோவாக உயர்த்தப்போவதாகத் திட்டம் வந்தது. பிரான்ஸ் 2027-க்கு வைத்திருக்கும் இலக்கோ 6,400 கோடி.

பிரான்சால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியைத் தாண்டி 110 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. ஜெர்மனியுடையது 60 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2024 ஜூனில் மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்ததிலிருந்து அங்கே யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அந்த டிசம்பரில் பிரதமர் பார்னியே வீழ்ந்தார். 2025 செப்டம்பரில் பிரதமர் பேய்ரூ வீழ்ந்தார். அடுத்து வந்த லெகோர்னு அக்டோபரில் பதவி விலகி, நான்கு நாளில் மறுபடி நியமிக்கப்பட்டார். பார்னியே, பேய்ரூ இருவரின் வீழ்ச்சிக்கும் பின்னால் நின்றது வரவு செலவுத் திட்டம்.

ஆக, ஐரோப்பா தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த நாட்டிடம் அதைச் செய்யப் பணம் இல்லை. அந்தப் பேச்சைத் தட்டிக்கழித்து வந்த நாட்டிடம் பணமும் இருக்கிறது, இப்போது மனமும் இருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய மரபுவழி (அணு ஆயுதம் சாராத) ராணுவம் ஜெர்மனியுடையதாக மாறும் வாய்ப்பை பாரிஸில் உள்ளவர்கள் வரவேற்கிறார்கள், கூடவே கொஞ்சம் கலங்கவும் செய்கிறார்கள். ஐரோப்பியச் செய்திகளில் தெரியும் பல உரசல்களுக்கு ஆதாரம் இந்தப் புரட்டல்தான் என்பது என் கருத்து.

ஒரு விமானத்தின் கதை

2017 ஜூலையில் மக்ரோனும் மெர்கலும் ஒரு புதிய போர் விமானத் திட்டத்தை அறிவித்தார்கள். பிரான்சின் ரஃபேல், ஜெர்மனியின் யூரோஃபைட்டர் இரண்டுக்கும் பதிலாக 2040 வாக்கில் வரும் ஒரே விமானம். அதோடு பறக்கும் ஆளில்லா விமானங்கள். எல்லாவற்றையும் இணைக்கும் தகவல் வலை. பிறகு ஸ்பெயினும் சேர்ந்தது. மொத்தச் செலவு 10,000 கோடி யூரோ வரை போகலாம் என்பது பரவலான மதிப்பீடு.

பிரான்ஸ் தரப்பில் டசோ நிறுவனம். இந்திய விமானப்படை வாங்கிய ரஃபேலைச் செய்ததும் இதுதான். ஜெர்மனி தரப்பில் ஏர்பஸ். போர் விமானத்தை முழுமையாகச் செய்யத் தெரிந்தவர்கள் நாங்கள், ஆகவே விமானத்தை வடிவமைப்பதில் கடைசிச் சொல் எங்களுடையதாக இருக்க வேண்டும் என்றது டசோ. பணம் போடுகிறோம், தொழில்நுட்பத்தில் பங்கு வேண்டும், வெறும் துணை ஒப்பந்தக்காரர்களாக இருக்க மாட்டோம் என்றது ஜெர்மனி. 2025 முழுவதும் இந்த இழுபறி பகிரங்கமாகவே நடந்தது. ஆண்டு முடிவதற்குள் தீர்ப்போம் என்று தலைவர்கள் சொன்னார்கள். ஆண்டு முடிந்தது, தீரவில்லை.

நிறுவனங்களின் பேராசை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பிரான்சின் விமானம் கப்பலிலிருந்து கிளம்ப வேண்டும், அணு ஏவுகணையைச் சுமக்க வேண்டும். ஜெர்மனியிடம் விமானந்தாங்கிக் கப்பலும் இல்லை, சொந்த அணு ஆயுதமும் இல்லை. தேவையே வேறு. 1980-களில் இதே காரணங்கள் ஒரு முறை முளைத்தன. 1985-இல் பிரான்ஸ் பொதுத் திட்டத்திலிருந்து விலகித் தனியாக ரஃபேலைச் செய்தது, மற்ற நாடுகள் யூரோஃபைட்டரைச் செய்தன. இதற்கு நடுவில், தன் மண்ணில் வைக்கப்பட்டுள்ள அமெரிக்க அணுகுண்டுகளைச் சுமப்பதற்காக 2022-இல் 35 அமெரிக்க எஃப்-35 விமானங்களை வாங்க முடிவெடுத்தது ஜெர்மனி. பாரிஸில் அது கசப்பை விட்டுச்சென்றது.

இரு நாடுகளும் சேர்ந்து வெற்றி கண்ட விமானமும் உண்டு. 1969-இல் தொடங்கிய ஏர்பஸ் பயணிகள் விமானம் இன்று போயிங்குக்குச் சரிசமமாக நிற்கிறது. பயணிகள் விமானத்தில் இரண்டு பேரின் தேவையும் ஒன்று. போர் விமானம் அப்படியல்ல. எந்தப் போருக்கு, யாருடைய கட்டளையில் என்ற கேள்வி முதலிலேயே எழுந்துவிடும்.

அணுகுண்டுக் குடை

பிரிட்டன் வெளியேறிய பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தில் அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரே நாடு பிரான்ஸ். சுமார் 290 அணுகுண்டுகள் என்பது நெடுங்கால மதிப்பீடு. அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஜெர்மனி அணு ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை 1990-இல் ஒன்றிணைப்புக்கு வழிவிட்ட ஒப்பந்தத்திலும் உறுதி செய்திருக்கிறது.

டி கோல் ஏன் சொந்த அணுகுண்டு செய்தார்? பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கை இழக்க அமெரிக்கா தயாராக இருக்குமா என்று 1961-இல் அதிபர் கென்னடியிடம் அவர் கேட்டார். யாருக்கும் அதற்கு நிச்சயமான பதில் கிடையாது. ஆகவே நம் குண்டு நம் கையில் இருக்கட்டும் என்பது அவர் முடிவு.

இன்று ஜெர்மனியர் அதே கேள்வியைப் பிரான்சிடம் கேட்கலாம். பெர்லினைக் காப்பாற்ற பாரிஸை இழக்கத் தயாரா? லிதுவேனியத் தலைநகர் வில்னியஸுக்காக? பிரான்சின் அணு ஆயுதம் ஐரோப்பாவின் பாதுகாப்பில் என்ன பங்கு வகிக்கலாம் என்று பேச 2020-இல் மக்ரோன் ஐரோப்பிய நாடுகளை அழைத்தபோது பெர்லின் கிட்டத்தட்ட மௌனமாக இருந்துவிட்டது. 2025 மார்ச் 5 அன்று தொலைக்காட்சியில் தோன்றி அந்த அழைப்பை அவர் விரிவாக்கியபோது, முதலில் பேசத் தயார் என்றவர்களில் மெர்ஸும் ஒருவர். ஆனால் மக்ரோன் போட்ட நிபந்தனை மாறவில்லை: பொத்தானை அழுத்தும் முடிவு பிரான்ஸ் அதிபரிடம் மட்டுமே இருக்கும். ஜெர்மனி பணம் கொடுத்தாலும் முடிவில் பங்கு கிடையாது.

இது நியாயமா? பிரான்ஸ் பக்கத்தில் பார்த்தால், அணுகுண்டு முடிவை இரண்டு பேர் கூடி எடுப்பது நடக்கிற காரியமல்ல. ஜெர்மனி பக்கத்தில் பார்த்தால், பிரான்சில் அடுத்த தேர்தலில் யார் வருவார் என்று தெரியாமல் தன் உயிரை அடகு வைப்பது எப்படி? அமெரிக்க வாக்காளர்களை நம்ப முடியாமல்தான் இங்கே வந்திருக்கிறோம். பிரெஞ்சு வாக்காளர்களை நம்பலாம் என்று யார் உறுதி கொடுப்பது? இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால் இந்தப் பேச்சு மெதுவாகத்தான் நகரும்: கூட்டுப் பயிற்சிகள், தகவல் பகிர்வு, ஒருவர் முகாமில் மற்றவர் விமானங்கள் வந்து நிற்பது என்று சின்னச் சின்ன அடிகளாக.

வணிகத்தில்

இங்கே இழுபறி பழைய பாணியிலேயே இருக்கிறது. தென்னமெரிக்க மெர்கோசூர் நாடுகளோடு வணிக உடன்பாடு வேண்டும் என்று ஜெர்மனி நின்றது. பிரேசில், அர்ஜென்டினா மாட்டிறைச்சி வந்தால் எங்கள் விவசாயி செத்தான் என்று பிரான்ஸ் எதிர்த்தது. 2024 டிசம்பரில் பிரான்சின் எதிர்ப்பையும் மீறிப் பேச்சு முடிக்கப்பட்டது. சீன மின்சாரக் கார்களுக்குக் கூடுதல் வரி போட 2024 அக்டோபரில் வாக்கெடுப்பு நடந்தபோது பிரான்ஸ் ஆதரித்தது, ஜெர்மனி எதிர்த்தது. 2025 ஜூலையில் டிரம்புடன் 15 சதவீத வரிக்கு ஐரோப்பா இணங்கியதும் மெர்ஸ் வரவேற்றார். பிரெஞ்சுப் பிரதமர் அதை அடிபணிதல் என்றார். அணு மின்சாரத்தில் மட்டும் ஒரு மாற்றம். ஐரோப்பிய விதிகளில் பிரான்சின் அணு உலைகளுக்கு முட்டுக்கட்டை போட்டுவந்த ஜெர்மனி, மெர்ஸ் வந்த பிறகு அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்திக்கொண்டது.

இரண்டு பேர் மட்டும் போதாது

இப்போது வார்சாவுக்கு வருவோம். ரஷ்யா பற்றிப் போலந்தும் பால்டிக் நாடுகளும் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தன. பாரிஸும் பெர்லினும் காதில் வாங்கவில்லை. பெர்லின் ரஷ்ய எரிவாயுக் குழாயைப் போட்டுக்கொண்டிருந்தது. பாரிஸ் 2022-இல்கூட ரஷ்யாவை அவமானப்படுத்தக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தது. சரியாகச் சொன்னவர்கள் கிழக்கே இருந்தவர்கள். அந்த மரியாதையை இனி அவர்களுக்கு மறுக்க முடியாது. மறுக்கவும் கூடாது.

1991-இல் பிரான்ஸ், ஜெர்மனி, போலந்து மூன்றும் சேர்ந்து வைமார் முக்கோணம் என்று ஒன்றைத் தொடங்கின. பல ஆண்டுகள் அது பெயரளவில் கிடந்தது. இப்போது உயிர் பெற்றிருக்கிறது. 2025 மே 9 அன்று பிரான்சும் போலந்தும் நான்சி நகரில் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஜூலையில் ஜெர்மனியும் பிரிட்டனும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரான்சும் பிரிட்டனும் தங்கள் அணு ஆயுதக் கொள்கைகளை ஒருங்கிணைப்பதாக அறிவித்தன. ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டன் பாதுகாப்பு வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2025 மே 10 அன்று மக்ரோன், மெர்ஸ், பிரிட்டன் பிரதமர் ஸ்டார்மர், போலந்துப் பிரதமர் டஸ்க் நால்வரும் சேர்ந்து கீவ் நகரில் நின்றார்கள். ஐரோப்பாவின் முன்வரிசையில் முன்பு இரண்டு பேர்தான் நிற்பார்கள்.

இதனால் பிரான்ஸ்-ஜெர்மனி கூட்டு தேவையற்றுப்போகும் என்று நான் நம்பவில்லை. இருவரும் முட்டிக்கொண்டால் மற்ற யாராலும் ஐரோப்பாவை நகர்த்த முடியாது. இருவரும் ஒத்துப்போனால் மட்டும் போதும் என்ற காலம்தான் முடிந்துவிட்டது.

2027-க்கு முன்

எல்லாக் கணக்கையும் கலைக்கக்கூடிய தேதி 2027 வசந்தகாலம். பிரான்சில் அதிபர் தேர்தல். மக்ரோன் மூன்றாவது முறை தொடர்ந்து போட்டியிட முடியாது. கருத்துக்கணிப்புகளில் தேசியப் பேரணி என்ற வலதுசாரிக் கட்சி முன்னணியில் இருந்து வருகிறது. ஜெர்மனியோடு சேர்ந்து ஆயுதம் செய்வதையும் அணுக் குடையைப் பகிர்வதையும் அந்தக் கட்சி எதிர்க்கிறது. ஜெர்மனியிலும் ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி 2025 தேர்தலில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளுக்கு மேல் வாங்கி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது.

அதனால்தான் 2025 ஆகஸ்ட் இறுதியில் தூலோன் நகரில் இரு நாட்டு அமைச்சரவைகளும் கூடியபோது, ஆட்சி மாறினாலும் கலைக்க முடியாத ஏற்பாடுகளைத் தேடினார்கள்: எரிசக்தி இணைப்புகள், பாதுகாப்புத் தகவல் அமைப்புகள், தொழில்நுட்பம். இரு நாட்டு நாடாளுமன்றங்களிலிருந்தும் தலா 50 பேர் கொண்ட பொது அவை ஒன்று 2019-இலேயே உருவாகிவிட்டது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவ வேண்டும் என்று அதே ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட ஆகன் ஒப்பந்தம் சொல்கிறது.

ஆனால் உண்மையான சோதனை வேறு மேசையில் நடக்கிறது. 2028 முதல் 2034 வரைக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதித் திட்டத்தை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்வைத்தது. ஏறக்குறைய 2 லட்சம் கோடி யூரோ. அதிகம், ஏற்க முடியாது என்று முதல் நாளே சொன்னது பெர்லின். விவசாய மானியத்தில் கை வைக்கக் கூடாது என்கிறது பாரிஸ். பாதுகாப்புக்குப் பொதுக் கடன் வாங்கலாமா என்ற கேள்வியும் அதே மேசையில் இருக்கிறது. பிரான்ஸ் வாங்கலாம் என்கிறது, ஜெர்மனி வேண்டாம் என்கிறது. 27 நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் திட்டம் நிறைவேறும். பிரெஞ்சுத் தேர்தலுக்கு முன் அதை முடித்துவிட வேண்டும் என்று பலர் விரும்புகிறார்கள். தன் ராணுவத்துக்கு மட்டும் கடன் வாங்கிக் குவிக்கும் ஜெர்மனி, ஐரோப்பா முழுவதன் பாதுகாப்புக்கும் ஒரு பங்கைத் திறந்துவிடுமா? அதற்கு ஈடாகப் பிரான்ஸ் விவசாயத்திலோ விமானத்திலோ எதை விட்டுக்கொடுக்கும்? இந்தப் பேரத்தைக் கவனித்துவந்தாலே போதும், கூட்டின் அடுத்த பத்தாண்டு எப்படி இருக்கும் என்பது பிடிபட்டுவிடும்.